தொடையில் ஓர் ஊசி, உள்ளே ஒரு பங்காளிக் கூட்டம்

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். தர்மபுரி மாவட்டம், மொரப்பூரை அடுத்த கம்பைநல்லூரிலும் அப்படித்தான். ஒன்றரை மாதக் குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தாய்மார்கள் வருகிறார்கள். கூடவே ஒரு பாட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் தாய்-சேய் நல அட்டை. செவிலியர், ஐஸ் பேக் அடுக்கிய கேரியரிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்து லேபிளைப் பார்க்கிறார். வட்டத்துக்குள் இருக்கும் சிறு சதுரம் வெளிறியிருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. சதுரமும் வட்டத்தின் நிறத்துக்குக் கருத்துவிட்டால் சூடு பட்டுக் கெட்டுவிட்டது என்று பொருள், அதைப் போடக்கூடாது. அரை மில்லி மருந்து குழந்தையின் இடது தொடையில் இறங்குகிறது. வீறிட்ட அழுகை அடங்குவதற்குள் வலது தொடையில் இன்னொன்று.

"ராத்திரி காய்ச்சல் வரும்மா, பயப்படாதீங்க. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீங்க. அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க."

இடது தொடையில் போனது பென்டாவேலன்ட். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் ஆகிய ஐந்துக்குமான தடுப்பூசி. இதில் ஹெபடைடிஸ் பி மட்டும் வைரஸ். மற்ற நான்கும் பாக்டீரியா. வலது தொடையில் போனது நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கானது. பென்டாவேலன்ட் 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை. நியூமோகாக்கஸ் ஊசி 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும்.

ஊசி போட்டால் உடம்பில் எதிர்ப்பு சக்தி ஊறும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் குப்பிக்குள் இருப்பது எதிர்ப்பு சக்தி அல்ல. செயலிழக்கச் செய்த நச்சு, செத்த கிருமி, கிருமியின் மேலுறையிலிருந்து எடுத்த சர்க்கரைத் துணுக்கு போன்றவைதான். கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடியைக் குழந்தையின் உடம்புதான் செய்கிறது. பிறந்து ஆறே வாரமான உடம்பு, இதுவரை பார்த்தேயிராத கிருமிக்குப் பொருத்தமான ஆன்டிபாடியை எங்கிருந்து கொண்டுவருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. பதிலின் சில பகுதிகள் இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியவருகின்றன.

கோழிக்குஞ்சு சொன்ன சேதி

ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரான பொருள் ரத்தத்தில் உண்டாகிறது என்று 1890-ல் பெர்லினில் எமில் பெஹ்ரிங்கும் ஷிபாசபுரோ கிடசாட்டோவும் காட்டினார்கள். அது எப்படி உண்டாகிறது என்பதில்தான் வழக்கு. லைனஸ் பாலிங் போன்ற பெரிய வேதியியலாளரே 1940-ல் ஒரு விளக்கம் சொன்னார்: கிருமியின் பொருளை அச்சாக வைத்து, உடம்பு அதன் மேல் ஆன்டிபாடியை வார்த்தெடுக்கிறது. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தது. ஆனால் அச்சு மறைந்த பிறகும் பல ஆண்டுகளுக்கு ஆன்டிபாடி எப்படி வந்துகொண்டிருக்கிறது? இரண்டாவது தடவை அதே கிருமி வந்தால் ஏன் முன்னைவிட வேகமாகவும் வலுவாகவும் வருகிறது? அதற்கு அந்த விளக்கத்தில் விடை இல்லை.

ஆன்டிபாடியைச் செய்வது எந்தச் செல் என்பதற்கான தடயம் கோழியிடமிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், கோழியின் ஆசனவாய்ப் பக்கம் இருக்கும் பர்சா என்ற சிறு பையின் வேலை என்ன என்று பார்க்க, குஞ்சுகளிலிருந்து அதை வெட்டி எடுத்து வளர்த்துவந்தார். உடன் படித்த திமோதி சாங், வகுப்பில் ஆன்டிபாடியைக் காட்டுவதற்காக அந்தக் கோழிகளை வாங்கிப்போய் சால்மொனெல்லா பாக்டீரியாவின் பொருளை ஊசியில் ஏற்றினார். சில செத்தன. பிழைத்த பர்சா இல்லாத கோழிகளின் ரத்தத்தில் ஆன்டிபாடி வரவே இல்லை. பெரிய அறிவியல் இதழ் இந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. கடைசியில் 1956-ல் கோழி வளர்ப்பு ஆராய்ச்சி இதழ் ஒன்றில் அது வெளிவந்தது. பர்சாவின் முதலெழுத்தைத் தாங்கித்தான் 'பி செல்' என்ற பெயர் நிலைத்தது. மனிதனுக்குப் பர்சா கிடையாது. நம் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன.

அடுத்த ஆண்டே, 1957-ல், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மெக்ஃபார்லேன் பர்னெட் பழைய விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். கிருமி வந்த பிறகு ஆன்டிபாடி வார்க்கப்படுவதில்லை. கிருமி வருவதற்கு முன்பே, விதவிதமான பி செல்கள் உடம்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வகை ஆன்டிபாடியை மட்டும் தன் மேல்பரப்பில் ஏந்தியிருக்கிறது. உள்ளே வரும் பொருள் எந்தச் செல்லின் ஆன்டிபாடியில் ஒட்டுகிறதோ அந்தச் செல் மட்டும் பெருகுகிறது. மற்றவை சும்மா இருக்கின்றன.

சொன்னால் போதுமா, காட்ட வேண்டாமா? பர்னெட்டின் ஆய்வகத்தில் இளைஞரான கஸ் நோசலும், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஜோஷுவா லெடர்பெர்கும் எலிகளுக்கு இரண்டு வகை சால்மொனெல்லா பாக்டீரியாக்களின் பொருளைச் சேர்த்து ஊசி போட்டார்கள். பிறகு எலிகளின் நிணநீர் முடிச்சிலிருந்து செல்களைப் பிரித்து, ஒரு சொட்டில் ஒரு செல் வீதம் கண்ணுக்குத் தெரியாத துளிகளில் விட்டார்கள். அந்தத் துளிக்குள் உயிருள்ள பாக்டீரியாவை விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். சால்மொனெல்லா வாலாட்டி நீந்தும் கிருமி. செல் சுரந்த ஆன்டிபாடி அதன் வாலைப் பிடித்துவிட்டால் நீச்சல் நின்றுவிடும். சில செல்கள் முதல் வகையை நிறுத்தின. சில இரண்டாம் வகையை நிறுத்தின. இரண்டையும் நிறுத்திய செல் ஒன்றுகூட அந்தச் சோதனையில் சிக்கவில்லை. 1958-ல் இது வெளிவந்தது. ஒரு செல்லுக்கு ஒரு ஆன்டிபாடி என்ற விதி, பாக்டீரியா நீந்துவதையும் நிற்பதையும் கண்ணால் பார்த்து எழுதப்பட்டது.

மரபணுவை வெட்டி ஒட்டும் செல்

அப்படியானால் கணக்கு உதைக்கிறதே. மனிதனுக்கு இருக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. பிடிக்க வேண்டிய கிருமிகளின் உருவங்களோ எண்ணில் அடங்காதவை. ஒவ்வோர் ஆன்டிபாடிக்கும் ஒரு மரபணு என்றால் எப்படிப் போதும்?

1976-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சுசுமு டோனெகாவா விடை கண்டார். 1987-ல் அதற்காக நோபல் பரிசை அவர் ஒருவரே பெற்றார். உடம்பின் பெரும்பாலான செல்கள் பெற்றோரிடமிருந்து வந்த மரபணுவை அப்படியே வைத்திருக்கின்றன. பி செல் தன் மரபணுவையே வெட்டி ஒட்டிக்கொள்கிறது. கவட்டை வடிவிலான ஆன்டிபாடியில் இரண்டு கனமான சங்கிலிகள், இரண்டு இலகுவான சங்கிலிகள். கனமான சங்கிலிக்கு மட்டும் 14-ஆம் குரோமோசோமில் வி, டி, ஜே என்று மூன்று தொகுப்புத் துண்டுகள் இருக்கின்றன. வேலை செய்யக்கூடிய வி துண்டுகள் ஏறத்தாழ 40, டி துண்டுகள் 23, ஜே துண்டுகள் 6. ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் ஒன்று வீதம் எடுத்தாலே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள் வந்துவிடும். ஒட்டும் இடத்தில் செல் சில எழுத்துகளைக் கத்தரிக்கிறது, சிலவற்றை இஷ்டத்துக்குச் செருகுகிறது. இலகுவான சங்கிலிக்கும் இதேபோல் ஒரு சேர்க்கை. எல்லாவற்றையும் பெருக்கினால் எண்ணிக்கை லட்சம் கோடியைத் தொடும்.

கம்பைநல்லூர்க் குழந்தை ஊசி போட வரும்போதே இந்த வெட்டி ஒட்டும் வேலை அதன் உடம்பில் நடந்துகொண்டிருக்கிறது. ரண ஜன்னிக் கிருமியின் நச்சில் ஒட்டக்கூடிய பி செல்கள் அந்தச் சின்ன உடம்பில் எங்கோ சில இருக்கின்றன. அந்த நச்சை அவை ஒருபோதும் பார்த்ததில்லை. தற்செயலாக அமைந்த பொருத்தம்தான்.

யார் வழி வந்த கூட்டம்?

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது கிராமத்தில் யாருக்கும் தெரியும். நெறி கட்டுவது நிணநீர் முடிச்சில்தான். தொடையில் போட்ட மருந்தும் வடிந்து அங்கேதான் போய்ச் சேர்கிறது. முடிச்சு வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான பி செல்களில் மருந்தோடு ஒட்டியவை மட்டும் அங்கே நின்று பிரியத் தொடங்குகின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஆயிரக்கணக்கில் பெருகும் அந்தக் கூட்டத்துக்குக் குளோன் என்று பெயர். ஒரே மூதாதையின் வழி வந்து ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகளைப் போல, ஒரு குளோனில் உள்ள அத்தனை செல்களுக்கும் மூதாதை ஒன்றே. அந்த மூதாதை வெட்டி ஒட்டிக்கொண்ட மரபணுச் சேர்க்கை எல்லாச் செல்லிலும் அடையாளமாக நிற்கிறது.

ஆனால் இந்தப் பங்காளிகள் அச்சு அசலாக ஒரேமாதிரி இருப்பதில்லை. நிணநீர் முடிச்சில் பெருகும்போது ஆன்டிபாடி மரபணுவில் மட்டும் வேண்டுமென்றே பிழைகள் சேர்க்கப்படுகின்றன. உடம்பின் மற்ற மரபணுக்களில் ஏற்படும் பிழையைவிட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு அதிகம். பிழையால் பிடி தளர்ந்த செல் செத்துப்போகும். பிடி இறுகிய செல் மேலும் பெருகும். சில வாரங்களில் கூட்டத்தின் சராசரிப் பிடி பல மடங்கு இறுகிவிடுகிறது. அதில் ஒரு பகுதி, நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்லாக மாறுகிறது. இன்னொரு பகுதி நினைவு செல்லாக ஒதுங்கி இருக்கிறது.

ரத்தத்தில் ஓடும் பி செல்களின் மரபணுவை லட்சக்கணக்கில் படித்துவிடும் கருவிகள் வந்த பிறகு, யார் யாருக்குப் பங்காளி என்று வம்சாவளி எழுத முடிகிறது. பெரியவர் ஒருவருக்கு ஊக்கத் தவணை போட்டு ஏழாம் நாள் ரத்தம் எடுத்தால், புதிதாகப் பிறந்த பிளாஸ்மா செல்கள் அப்போதுதான் ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஜார்ஜியூவின் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில் ரண ஜன்னி ஊசிக்குப் பின் செல்களையும் ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடிகளையும் தனித்தனியே படித்துப் பொருத்திப் பார்த்தார்கள். ரத்தத்தில் நிலைத்திருந்த ரண ஜன்னி ஆன்டிபாடிகள் ஏறத்தாழ நூறு குளோன்களிலிருந்தே வந்திருந்தன. அதிலும் மூன்றே குளோன்களின் பங்கு 40 சதவீதத்துக்கு மேல். ஏழாம் நாள் ரத்தத்தில் கூட்டமாகத் தென்பட்ட குளோன்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவையே ஒன்பது மாதம் கழித்தும் ஆன்டிபாடி தந்துகொண்டிருந்தன. மற்றவற்றின் பிளாஸ்மா செல்கள் வந்த வேகத்தில் மறைந்துவிட்டன.

நிலைத்தவை எலும்பு மஜ்ஜையில் குடியேறிப் பல பத்தாண்டுகள் வாழ்கின்றன. ரண ஜன்னி ஆன்டிபாடி பாதியாகக் குறைய 11 ஆண்டுகளும், தொண்டை அடைப்பான் ஆன்டிபாடி பாதியாகக் குறைய 19 ஆண்டுகளும் ஆகின்றன என்று 2007-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கர்ப்பிணிகளுக்கு டிடி ஊசி போடுவதும் இதை நம்பித்தான். தாயின் குளோன்கள் சுரந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய், பிறந்த முதல் வாரங்களில் ஜன்னியிலிருந்து காக்கிறது. பச்சிளங்குழந்தை ஜன்னியை ஒழித்த நாடாக இந்தியா 2015-ல் அறிவிக்கப்பட்டதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

சர்க்கரை உறையும் ஒரு பரம்பரை மரபணுவும்

ரண ஜன்னியின் நச்சு ஒரு புரதம். ஹிப், நியூமோகாக்கஸ், டைஃபாய்டு போன்ற கிருமிகளின் கதை வேறு. இவை சர்க்கரைச் சங்கிலியால் ஆன உறையைப் போர்த்திக்கொண்டு திரிகின்றன. அந்தச் சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடிதான் பாதுகாப்பு. ஹிப் கிருமி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் தரும். பிழைத்தாலும் காது கேளாமல் போவது உண்டு.

இந்தச் சர்க்கரைக்கு எதிரான மனித ஆன்டிபாடிகளின் பூர்விகத்தை ஆராய்ந்தவர்களில் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் இருந்த அலெக்சாண்டர் லூகாஸ், டொனால்ட் ரீசன் போன்றவர்கள் முக்கியமானவர்கள். அவர்களும் வேறு ஆய்வகங்களும் கண்டது வியப்பானது. லட்சம் கோடிச் சேர்க்கைகள் சாத்தியம் என்றாலும், ஹிப் சர்க்கரைக்கு ஒருவருக்கொருவர் உறவே இல்லாத மனிதர்கள்கூடக் கிட்டத்தட்ட ஒரே விடையைத்தான் தருகிறார்கள். கனமான சங்கிலிக்கு வி துண்டுகளில் மூன்றாம் குடும்பம். இலகுவான சங்கிலிக்குப் பெரும்பாலும் ஏ2 என்ற ஒரே மரபணு. அது ஒட்டும் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-ல், ஹிப் ஊசி போட்ட பெரியவர்களின் ஏழாம் நாள் ரத்தத்தைப் படித்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் வேறு நாட்டில் வேறு மனிதர்களிடம் பதிவான அதே வரிசைகள் திரும்பவும் தலைகாட்டின.

அப்படியானால் அந்த ஏ2 மரபணு ஒருவருக்குப் பிறவியிலேயே பழுதாக இருந்தால்?

அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களிடம் ஹிப் நோய் மற்ற அமெரிக்கர்களைவிட 5 முதல் 10 மடங்கு அதிகமாக இருந்தது. அவர்களிடம் ஏ2 மரபணுவின் பழுதான வடிவம் பரவலாக இருப்பதை ஆன் ஃபீனியின் குழு 1996-ல் காட்டி, நோய் மிகுதிக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்றது. அதே நவஹோ மக்களிடையே அதற்கு முன்பே ஒரு தடுப்பூசிச் சோதனை நடந்திருந்தது. நடத்தியவர் புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன மதுரம் சந்தோஷம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பங்கேற்ற அந்தச் சோதனையின் முடிவு 1991-ல் வந்தது. தடுப்பூசி 90 சதவீதத்துக்கும் மேல் காத்தது. மரபணு அமைப்பு எதிராக இருந்த மக்களிடமும் சரியான ஊசி வேலை செய்தது.

அந்த ஊசியில் என்ன விசேஷம்? வெறும் சர்க்கரையைக் கொண்ட ஹிப் ஊசி 1985-லேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அது எடுபடவில்லை. நோய் தாக்குவதோ பெரும்பாலும் அந்த வயதில்தான். பி செல் நன்றாகப் பெருகவும், பிடியை இறுக்கவும், நினைவு செல்லை உருவாக்கவும் டி செல் என்ற இன்னொரு வகை எதிர்ப்புச் செல்லின் உதவி வேண்டும். டி செல்லுக்குச் சர்க்கரை கண்ணில் படாது, புரதம்தான் தெரியும். ஜான் ராபின்ஸ், ரேச்சல் ஷ்னீர்சன், போர்ட்டர் ஆண்டர்சன், டேவிட் ஸ்மித் ஆகியோர் சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதியியல் முறையில் இணைத்துவிட்டார்கள். சர்க்கரையைப் பிடித்த பி செல் புரதத்தையும் சேர்த்து விழுங்குகிறது. புரதத்தின் துண்டை வெளியே காட்டுகிறது. டி செல் உதவிக்கு வருகிறது. பென்டாவேலன்ட்டில் உள்ள ஹிப் சர்க்கரை பெரும்பாலும் ரண ஜன்னிப் புரதத்தோடு இணைக்கப்பட்டது.

ஷ்னீர்சனும் ராபின்ஸும் 1975-லேயே இன்னொன்றையும் காட்டியிருந்தார்கள். குடலில் வாழக்கூடிய ஈ. கோலை பாக்டீரியாவில் ஒரு வகையின் உறை ஹிப் உறையைப் போலவே இருக்கும். அதைத் தன்னார்வலர்களுக்கு உண்ணக் கொடுத்தபோது ஹிப்புக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் உயர்ந்தது. பெரியவர்களிடம் ஊசிக்குக் கிளம்பி வரும் குளோன்களில் சில, குடலில் குடியிருக்கும் கிருமிகளிடம் முன்பே பழகியவையாக இருக்கலாம் என்பதற்கு இது ஓர் ஆதாரம்.

தமிழ்நாட்டுக்கு வந்த வழி

நாட்டிலேயே முதலில் பென்டாவேலன்ட்டை அரசுத் திட்டத்தில் கொண்டுவந்தவை தமிழ்நாடும் கேரளமும்தான், 2011 டிசம்பரில். நியூமோகாக்கஸ் ஊசி தமிழ்நாட்டில் 2021 ஜூலையில் சேர்ந்தது. நூறுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ள நியூமோகாக்கஸில் ஒவ்வொரு வகையின் உறையும் வேறு. பூனா சீரம் இன்ஸ்டிடியூட்டின் தடுப்பூசியில் 10 வகைச் சர்க்கரைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குளோன்கள் கிளம்ப வேண்டும்.

டைஃபாய்டில் வேலூருக்குத் துயரமான முதலிடம். வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023-ல் வெளிவந்த ஆய்வில், வேலூர் நகரப் பகுதியில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் 1,173 பேருக்கு டைஃபாய்டு என்று தெரிந்தது. ஆய்வு நடந்த டெல்லி, கொல்கத்தாவைவிட இது அதிகம். பழைய சர்க்கரை ஊசியை இரண்டு வயதுக்கு மேல்தான் போடலாம். புரதத்தோடு இணைத்த புதிய ஊசியை ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தை முதலில் பெற்ற இந்த வகை ஊசியைச் செய்தது திருத்தணிப் பக்கத்தவரான கிருஷ்ணா எல்லாவின் பாரத் பயோடெக். தேசியத் திட்டத்தில் இதைச் சேர்க்க நாட்டின் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2022-ல் பரிந்துரைத்தது.

எல்லாப் பாக்டீரியாவும் ஆன்டிபாடிக்கு அடங்குவதில்லை என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1968-ல் செங்கல்பட்டு வட்டாரத்தில் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பி.சி.ஜி. சோதனையில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. காசநோய்க் கிருமி நம் செல்லுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது. வெளியே ரத்தத்தில் திரியும் ஆன்டிபாடி மட்டும் அதற்குப் போதாது. கைக்குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து காக்கிறது என்பதால் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுவது தொடர்கிறது.

தர்மபுரி மாவட்டத்துக் குடும்பங்கள் பல, கட்டட வேலைக்கும் பனியன் வேலைக்கும் பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று போய்விடுவதால் தவணை தவறுவது சகஜம். மூன்று மாதம் கழித்து வரும் தாய் கேட்பது ஒன்றுதான்: "விட்டுப்போச்சே, மறுபடி முதல்லேருந்தா போடணும்?" வேண்டியதில்லை. முதல் தவணையில் உருவான நினைவு செல்கள் அப்படியே காத்திருக்கின்றன. அடுத்த தவணையில் அவைதான் முந்திக்கொண்டு பெருகும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், இரண்டு தவணைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் இருந்தால் போதும். ஆனால் ரத்தத்தில் ஆன்டிபாடி போதிய அளவு ஏறாத அந்த இடைக்காலத்தில் கக்குவான் வந்தால் தாங்காத வயது அது. வெளியூரில் இருந்தாலும் எந்த அரசு மையத்திலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். அட்டை தொலைந்திருந்தால், அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வினில் பதிவாகியிருக்கும் பட்சத்தில், கைபேசி எண்ணைச் சொன்னாலே எந்த ஊசி பாக்கி என்று செவிலியர் பார்த்துச் சொல்லிவிடுவார்.